பல்லுக்குக் க்ளிப்... ஜெர்மன் காப்பீடு பணம் தருமா?

மூட்டு வலிக்கும் சர்க்கரைக்கும் மருந்து வாங்க வருகிற பெரியவர்கள், பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் மனசில் இருப்பதைக் கேட்பார்கள். சமீப காலமாக அப்படி வருகிற கேள்விகளில் ஒன்று இது:

"டாக்டர், பையன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். பேத்திக்குப் பத்து வயசு. முன்பல் ரெண்டும் எத்திக்கிட்டு இருக்கு. க்ளிப் போட ஆயிரக்கணக்கில் யூரோ ஆகுமாம். அரசாங்க இன்ஷூரன்ஸ் கொடுக்கும்னு ஒருத்தர் சொல்றார். கொடுக்காதுன்னு இன்னொருத்தர் சொல்றார். எதை நம்பறது?"

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்! சில பிள்ளைகளுக்கு ஏறக்குறைய முழுச் செலவையும் கொடுக்கும். சில பிள்ளைகளுக்கு ஒரு சென்ட் கூடக் கொடுக்காது. எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்பதைச் சில மில்லிமீட்டர்கள் தீர்மானிக்கின்றன. விவரம் தெரியாமல் வயதைத் தாண்டவிட்டாலோ, பாதியில் நிறுத்திவிட்டாலோ, நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டாலோ நஷ்டம் நமக்குத்தான்.

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள், இப்போது கம்ப்யூட்டர் வேலைக்கும் நர்ஸ் வேலைக்கும் நம் ஊரிலிருந்து போகிறவர்கள் என்று ஜெர்மனியில் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளைகளையோ பேரன் பேத்திகளையோ அங்கே வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அவர்களுக்கும் சொல்லுங்கள்.

எண்ணெய் தடவினால் பல் உள்ளே போகுமா?

சித்த மருத்துவரிடம் வந்திருப்பதால் இந்தக் கேள்வியும் கூடவே வரும். முதலில் இதை முடித்துவிடுவோம். எத்துப்பல்லையோ கோணல் பல்லையோ வரிசைக்குக் கொண்டுவருகிற லேகியமோ, தைலமோ, பற்பொடியோ கிடையாது. அப்படி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

பல் என்பது தாடை எலும்பில் அடித்த ஆணி அல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு இருக்கிறது. பல்லின் மீது மெதுவாக, விடாமல் ஒரு பக்கம் அழுத்தம் கொடுத்தால், அந்தப் பக்கத்து எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளரும். இப்படித்தான் பல் நகர்கிறது. மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். அதனால்தான் இந்தச் சிகிச்சை வருஷக் கணக்கில் இழுக்கிறது. அந்த அழுத்தத்தைக் கம்பியும் க்ளிப்பும்தான் கொடுக்க முடியும். தைலத்தால் முடியாது.

அழகு வேறு, அவசியம் வேறு

ஜெர்மனியில் தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 1883-லேயே பிஸ்மார்க் காலத்தில் வந்துவிட்டது. இன்று அந்த நாட்டு மக்களில் பத்தில் ஒன்பது பேர் சட்டப்படியான பொதுக் காப்பீட்டில் இருக்கிறார்கள். இதை நடத்தும் அமைப்புக்குக் 'கிராங்கன்காஸே' என்று பெயர். நம்மவர்கள் சுருக்கமாகக் 'காஸே' என்பார்கள். ஏ.ஓ.கே., டி.கே., பார்மர் என்று பல காஸேக்கள் உண்டு. பல் சீரமைப்பைப் பொறுத்தவரை அடிப்படை விதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ இதில் உறுப்பினராக இருந்தால், பொதுவாகக் குழந்தைகளுக்குத் தனிச் சந்தா கிடையாது.

அந்த விதி சமூகச் சட்டத் தொகுப்பின் ஐந்தாம் புத்தகத்தில் 29-வது பிரிவில் இருக்கிறது. தாடையோ பல்லோ இடம் தவறி இருப்பதால் மெல்லுதல், கடித்தல், பேசுதல், மூச்சு விடுதல் ஆகிய நான்கில் ஒன்று கணிசமாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது பாதிக்கப்படும் அபாயம் இருக்க வேண்டும். அப்போதுதான் காப்பீடு பணம் தரும்.

இந்த நான்கில் 'சிரித்தல்' இல்லை என்பதைக் கவனியுங்கள். "குழந்தை ஃபோட்டோவுக்கு வாயைத் திறக்கவே மாட்டேங்கறா டாக்டர்" என்று ஒரு தாய் கண் கலங்கினால் நமக்கு மனசு கரைகிறது. காப்பீட்டுக்கு அது காரணம் ஆகாது. அழகுக்காக மட்டும் என்றால் சொந்தப் பணம்தான்.

ஸ்கேலில் முடிகிற விஷயம்

மெல்ல முடிகிறதா, கடிக்க முடிகிறதா என்பதை ஒவ்வொரு டாக்டரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னால் குழப்பம்தானே? அதனால் 2002-ஆம் ஆண்டு ஜனவரி முதல் 'கே.ஐ.ஜி.' என்கிற தரவரிசையைக் கொண்டுவந்தார்கள். பிள்ளையின் பல் நிலையை அளந்து 1 முதல் 5 வரை ஓர் எண் கொடுப்பார்கள். 1, 2 என்றால் காப்பீடு கிடையாது. 3, 4, 5 என்றால் உண்டு.

முக்கியமான சில அளவுகளைச் சொல்கிறேன்:

* மேல் முன்பல் துருத்தல்: கீழ்ப்பல்லுக்கும் மேல்பல்லுக்கும் நடுவே முன்னும் பின்னுமாக உள்ள இடைவெளியை அளப்பார்கள். 6 மில்லிமீட்டர் வரை 2-ஆம் நிலையைத் தாண்டாது. 6-க்கு மேல் 9 வரை 4-ஆம் நிலை. 9-ஐத் தாண்டினால் 5.
* கீழ் முன்பல் வெளியே நிற்பது: கடிக்கும்போது கீழ் வரிசை மேல் வரிசைக்கு முன்னால் வந்தால் 3 மில்லிமீட்டர் வரை 4-ஆம் நிலை. அதற்கு மேல் 5.
* திறந்த கடி: பின்பற்களைக் கடித்த பிறகும் முன்பற்கள் ஒன்றை ஒன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும். 2-க்கு மேல் 4 மில்லிமீட்டர் வரை என்றால் 3-ஆம் நிலை. அதற்கு மேல் 4. எலும்பு அமைப்பே அப்படி இருந்தால் 5.
* ஆழ்ந்த கடி: மேல்பல் கீழ்ப்பல்லை 3 மில்லிமீட்டருக்கு மேல் மூடி, பல் ஈறையோ அண்ணத்தையோ குத்திப் புண்ணாக்கினால் 3-ஆம் நிலை.
* கடைவாய்ப் பற்கள் மாறிக் கடிப்பது: இரண்டு பக்கமும் என்றால் 3. ஒரு பக்கம் மட்டும் என்றால் 4. 'ஒரு பக்கம்தானே, குறைச்சல்தானே' என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு பக்கம் மாறிக் கடிக்கும் பிள்ளை தாடையை ஒருபுறம் ஒதுக்கியே மெல்லும். வளர்கிற வயதில் தாடையும் கோணலாக வளர இடமுண்டு.
* நெருக்கமான பற்கள்: முன்பற்கள் ஒன்றை ஒன்று விட்டு விலகி நிற்பது 3-க்கு மேல் 5 மில்லிமீட்டர் வரை என்றால் 3-ஆம் நிலை. அதற்கு மேல் 4.
* பிறவியிலேயே சில பற்கள் இல்லாமை: 4-ஆம் நிலை.
* உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு: 5-ஆம் நிலை. இதில் வாதமே கிடையாது.

அந்த முதல் வரியை இன்னொரு முறை பாருங்கள். அளவு 5.8 மில்லிமீட்டர் உள்ள பிள்ளைக்குக் காப்பீடு இல்லை. பக்கத்து பெஞ்சில் 6.2 மில்லிமீட்டர் உள்ள பிள்ளைக்கு உண்டு. 'இது என்ன நியாயம்?' என்று தோன்றும். எங்கேயாவது ஒரு கோடு போட்டால் கோட்டின் இரு பக்கமும் யாராவது நிற்கத்தான் செய்வார்கள். அதற்காக வீட்டிலேயே ஸ்கேல் வைத்து அளந்து, நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். பிள்ளை தாடையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக் கடித்தாலே அளவு மாறிவிடும். முறையாக அளக்க வேண்டியது ஆர்தோடான்டிஸ்ட்தான்.

எந்த வயதில் போவது?

பால் பற்களில் பெரும்பகுதி விழுந்து நிலைப் பற்கள் முளைத்துக்கொண்டிருக்கும் பருவத்தில்தான் பொதுவாகச் சிகிச்சையைத் தொடங்குவார்கள். சுமார் பத்து வயதுக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம். அண்ணப் பிளவு, மாறிக் கடித்தல், அளவுக்கு மீறிய துருத்தல் போன்ற சிலவற்றுக்கு முன்கூட்டியே தொடங்கவும் வழி உண்டு. எனவே ஒன்பது, பத்து வயதில் ஒருமுறை காட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

மேல் எல்லை மிகவும் கறார். சிகிச்சை தொடங்கும்போது 18 வயது முடிந்திருக்கக் கூடாது. முடிந்துவிட்டால் காப்பீடு இல்லை. தாடை எலும்பில் அறுவை சிகிச்சையும் சேர்த்தே செய்ய வேண்டிய கடுமையான கோளாறு இருந்தால் மட்டும் பெரியவர்களுக்கும் கிடைக்கும். "பன்னிரண்டாம் வகுப்பு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று நம் வழக்கப்படி தள்ளிப்போட்டால், அந்த 'அப்புறம்' முழுக்க முழுக்கச் சொந்தச் செலவு!

பணம் எப்படிக் கைமாறுகிறது?

முதலில் காஸேயை ஏற்றுக்கொள்கிற ஆர்தோடான்டிஸ்டிடம் போய்க் காப்பீட்டு அட்டையைக் கொடுக்க வேண்டும். அவர் பார்த்து நிலையைச் சொல்வார். 3 அல்லது அதற்கு மேல் என்றால் எக்ஸ்-ரே, பல் அச்சு எல்லாம் எடுத்துச் சிகிச்சைத் திட்டம் தயாரித்து காஸேக்கு அனுப்புவார். காஸே சந்தேகப்பட்டால் வேறொரு நிபுணரின் கருத்தைக் கேட்கும். அனுமதி வந்த பிறகுதான் க்ளிப் மாட்ட வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே ஆரம்பிக்காதீர்கள்.

அனுமதி வந்தாலும் முழுப் பணத்தையும் காஸே உடனே கட்டாது. 80 சதவீதத்தை அது கட்டும். மீதி 20 சதவீதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லுக்கு நாம் கட்டிக்கொண்டே வர வேண்டும். சிகிச்சை திட்டப்படி முழுசாக முடிந்தது என்று டாக்டர் சான்று கொடுத்ததும், அந்த 20 சதவீதத்தைக் காஸே திருப்பித் தந்துவிடும்.

ஒரு கணக்குக்காக, அனுமதித்த செலவு 3,000 யூரோ என்று வைத்துக்கொள்வோம். காஸே 2,400 கட்டும். நாம் 600 கட்டுவோம். முடிந்ததும் 600-ம் திரும்பி வரும். ஒரே வீட்டில் 18 வயதுக்குள் தொடங்கிய இரண்டு பிள்ளைகளுக்குச் சிகிச்சை நடந்தால், இரண்டாவது பிள்ளைக்கு நம் பங்கு 10 சதவீதம்தான். அதாவது 300 யூரோ.

ஏன் இப்படிப் பிடித்து வைக்கிறார்கள்? பிள்ளைகள் பாதியில் க்ளிப்பைக் கழற்றச் சொல்லி அடம் பிடிப்பது எல்லா ஊரிலும் உண்டு. பாதியில் விட்டால் பல் பழைய இடத்துக்கே போக ஆரம்பிக்கும். செலவழித்ததெல்லாம் வீண். கடைசிவரை வந்தால் பணம் திரும்பும் என்றால் பெற்றோர் விடமாட்டார்கள் அல்லவா? எனவே பில், பணம் கட்டிய ரசீது எதையும் தூக்கிப் போடாமல் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். மூன்று, நான்கு வருஷம் கழித்துத்தான் அது தேவைப்படும்!

கையெழுத்துக்கு முன் ஒரு நிமிஷம்

காப்பீட்டில் கிடைக்கும் சாதாரண உலோக க்ளிப்பே வேலையைச் சரியாகச் செய்யும். இருந்தாலும் "பல் நிறத்தில் பீங்கான் க்ளிப் போடலாமே, சின்ன சைஸ் போடலாமே, வளைகிற விசேஷக் கம்பி போடலாமே" என்று கூடுதல் செலவுக்கு யோசனை சொல்லப்படுவது உண்டு. அந்தக் கூடுதல் தொகை நம் தலையில்தான். கடைசியில் திரும்பியும் வராது.

வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் கட்டாயம் இல்லை. 2019-ல் வந்த சட்டத் திருத்தப்படி, கூடுதல் செலவு இல்லாத சிகிச்சையும் உண்டு என்பதை டாக்டர் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதி, எழுத்து மூலமான ஒப்பந்தமும் போட வேண்டும். மொழி புரியவில்லை என்றால் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறோம்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

'இல்லை' என்று கடிதம் வந்தால்?

மனசை விட்டுவிட வேண்டாம். காஸே மறுத்துக் கடிதம் அனுப்பினால் ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். டாக்டர் எடுத்த அளவுகளையும், இன்னொரு ஆர்தோடான்டிஸ்ட் பார்த்துச் சொன்ன கருத்தையும் சேர்த்து அனுப்பினால் மனு வலுவாக இருக்கும். அதற்கும் மறுத்தால் சமூக நீதிமன்றம் இருக்கிறது. அங்கே காப்பீடு பெற்றவரிடம் நீதிமன்றக் கட்டணம் வாங்குவதில்லை. மாநிலந்தோறும் உள்ள நுகர்வோர் ஆலோசனை மையங்களிலும் யோசனை கேட்கலாம்.

அளவு உண்மையிலேயே 2-ஆம் நிலைதான் என்றால் ஆட்சேபம் எழுதிப் பயனில்லை. ஆனால் பிள்ளை வளர்கிறது, தாடையும் வளர்கிறது. இன்று 2 என்பது அடுத்த வருஷம் மாறலாம். 18 வயதுக்குள் மறுபடியும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மாறாவிட்டால், லேசான கோணல் உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று நிம்மதியாக இருங்கள்.

இன்னொன்றும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2018-ல் ஜெர்மனியின் மத்தியத் தணிக்கை அலுவலகமே ஒரு கேள்வி எழுப்பியது. ஆண்டுக்கு 100 கோடி யூரோவுக்கு மேல் இதற்குச் செலவாகிறதே, நீண்டகாலப் பலன் போதுமான அளவு ஆராயப்பட்டிருக்கிறதா என்று. சுகாதார அமைச்சகத்துக்காகத் தயாரித்து 2019-ல் வெளியான அறிக்கையும், பல்லின் நீண்டகால ஆரோக்கியத்துக்கு எவ்வளவு நன்மை என்பதை இருக்கிற ஆய்வுகளைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. க்ளிப் வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. காப்பீடு தருகிறதே என்பதற்காக மட்டும் போட வேண்டாம். 'என் பிள்ளைக்கு இதனால் என்ன நன்மை, போடாவிட்டால் என்ன ஆகும்?' என்று டாக்டரிடம் வாய் விட்டுக் கேளுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஊர் திரும்பப் போகிறவர்கள் கவனிக்க!

இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போனவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டும். சிகிச்சை பாதியில் இருக்கும்போது இந்தியாவுக்குத் திரும்பினால் காஸேயின் பணம் நின்றுவிடும். சிகிச்சை முடியவில்லை என்பதால், கட்டிய 20 சதவீதமும் திரும்பாமல் போகலாம். இங்கே வந்தால் சாதாரண ஹெல்த் பாலிசிகளில் க்ளிப் செலவு கிடைப்பது அரிது. விபத்தில் அடிபட்ட பல்லுக்குத்தான் பெரும்பாலும் கொடுப்பார்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. தனியார் கிளினிக்கை விடச் செலவு மிகவும் குறைவு. ஆனால் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். திரும்புவது நிச்சயம் என்றால் சிகிச்சைத் திட்டம், எக்ஸ்-ரே, பல் அச்சு எல்லாவற்றையும் கையோடு வாங்கி வாருங்கள். இங்கே தொடர்கிற டாக்டருக்கு அது மிகவும் உதவும்.

அதேபோல, சம்பளம் அதிகம் என்று பொதுக் காப்பீட்டை விட்டுத் தனியார் காப்பீட்டுக்கு மாறியவர்களுக்கு மேலே சொன்ன விதிகள் பொருந்தாது. அவர்கள் தங்கள் ஒப்பந்தத்தில் பல் சீரமைப்பு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

கட்டை விரல் சூப்பும் பழக்கம் நான்கு, ஐந்து வயதுக்கு மேலும் நீடித்தால் முன்பற்கள் எத்திக்கொள்ளும். அடிக்காமல், மற்றவர் முன்னால் கேலி செய்யாமல் மெல்ல மறக்கடிக்க வேண்டும். எந்நேரமும் வாயால் மூச்சு விடுகிற, குறட்டை விடுகிற பிள்ளையைக் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கு அடைப்பு சரியாகாமல் பல்லை மட்டும் சரிசெய்வது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

க்ளிப் போட்ட பிறகு சுத்தம் ரொம்ப முக்கியம். கம்பிக்குள் சோறு தங்கினால் பல் சொத்தையாகும், ஈறு வீங்கும். சாப்பிட்டதும் மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். கரகரப்பான பற்பொடி இந்தச் சமயத்தில் வேண்டாம். ஈறு வீக்கம் இருந்தால் திரிபலா சூரணம் ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஆறிய பிறகு வாய் கொப்பளிக்கலாம். இது துணைக்குத்தான். பிரஷ்ஷுக்கும் டாக்டருக்கும் பதிலாக அல்ல.

பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பேத்தி க்ளிப் போட்டிருக்கும் காலத்தில் பார்சலில் முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கமர்கட் எதுவும் அனுப்பாதீர்கள். கடித்தால் க்ளிப் பிய்த்துக்கொண்டு வரும். அடிக்கடி பிய்ந்தால் சிகிச்சை நாளும் நீளும், டாக்டரும் கோபிப்பார். ஆசைக்கு அதிரசம் அனுப்புங்கள். அதையும் மெத்தென்று செய்து அனுப்புங்கள்!

'பல் போனால் சொல் போச்சு' என்பார்கள். பல் வரிசையில் அழகை விட மெல்லுவதும் பேசுவதும் முக்கியம் என்று நம் பெரியவர்களும் நினைத்திருக்கிறார்கள். ஜெர்மன் சட்டமும் அதையேதான் பார்க்கிறது. பத்து வயதில் ஒருமுறை அளந்து பாருங்கள். அனுமதி வாங்கி ஆரம்பியுங்கள். ஆரம்பித்தால் முடிவுவரை விடாதீர்கள். பிள்ளையின் பல்லும் தப்பும், பெற்றோரின் பணமும் தப்பும்.